ஃபெஸ் நகரத்தில் ஒரு சப்பாத்துக் காவல்

என் கணவர் சாமி கும்பிடுகிற ஆள் இல்லை. ஆனால் என்னைக் கோயிலுக்குக் கூட்டிப் போகாமல் விட்ட வெள்ளிக்கிழமையும் இல்லை. சிட்னிக்கு வந்த காலம் தொட்டு அதுதான் எங்கள் வழக்கம். நார்த்மீட்டில் இருந்து காரில் கொண்டுபோய் இறக்குவார். நான் உள்ளே போவேன். அவர் சப்பாத்து கழற்றி வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொள்வார். என்னுடைய கைப்பை, ஃபோன், குளிர் ஜாக்கெட் எல்லாம் அவர் கையில்.

"நீங்களும் ஒருக்கா உள்ளுக்கை வந்தால் என்ன?" என்று தொடக்கத்தில் கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

"உள்ளுக்கை இருக்கிறவருக்கு ஐயர் இருக்கிறார். இந்தச் சப்பாத்துகளுக்கு ஆர் இருக்கினம்? நீ போ, எனக்கும் சேர்த்துக் கும்பிடு."

பிறகு நான் கேட்பதை விட்டுவிட்டேன். மூன்று சுற்று சுற்றி வருவேன். ஒவ்வொரு சுற்றிலும் வாசல் தெரிகிற இடத்தில் அவருடைய முதுகு தெரியும். அதைப் பார்த்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போவேன்.

அவருக்கு மறதி தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. முதலில் வீடு பூட்டுகிற திறப்பை எங்கே வைத்தேன் என்பார். பிறகு சாப்பிட்டதை மறந்து மறுபடியும் கோப்பையோடு குசினிக்கு வந்து நிற்பார். ஒருநாள் பரமட்டாவில், கடைத்தொகுதிக்குள் கழிவறைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு வேறொரு தெருவில், பஸ் நிற்கிற இடத்தில், யாரோ ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றது. எங்கே போகிறார் என்று அவருக்கே தெரியவில்லை. அன்றைக்கு மகள் ஃபோனில் அழுதாள். "அம்மா, இனி அப்பாவைத் தனிய விடக்கூடாது. ஐஞ்சு நிமிசமும் விடக்கூடாது. எனக்குச் சத்தியம் பண்ணுங்கோ." நான் சத்தியம் பண்ணினேன்.

மகளுக்கு மெல்பேர்னில் வேலை. கிரெய்கிபர்னில் வீடு. அவள்தான் ஃபெஸ் நகரத்துக்குப் போவோம் என்று சொன்னவள். மொரோக்கோ நாட்டில் இருக்கிற பழைய நகரம். எனக்கு அந்தப் பெயர் புதிது இல்லை. என் கணவர் இங்கே வந்த புதிதில் தோல் சோஃபா செய்கிற தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தவர். பக்கத்து மேசையில் நின்று தோல் வெட்டியவர் ஃபெஸ்காரர். இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் அரைகுறை. ஆனால் பதினொரு வருடம் ஓயாமல் கதைத்திருக்கிறார்கள். தன்னுடைய ஊரில் பிறந்தவனே சந்துகளுக்குள் வழி தவறிப்போவான் என்று அவர் பெருமையாகச் சொல்வாராம். தோல் பதனிடுகிற குளங்கள் சாயப்பெட்டி திறந்துவைத்தது மாதிரி இருக்கும் என்பாராம். அந்த மனுசன் காலமாகிவிட்டார். காலையில் சாப்பிட்ட புட்டு ஞாபகம் இல்லாத என் கணவருக்கு, அவர் சொன்னது அத்தனையும் ஞாபகம் இருந்தது.

"இப்ப போகாட்டி எப்ப அம்மா போறது?" என்றாள் மகள். நான் பெட்டி அடுக்கத் தொடங்கினேன். விமானத்தில் ஏறும்போது முருகனிடம் சொன்னேன்: போகிற மாதிரியே இவரைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்துவிடு. போகிற இடத்தில் எந்தச் சந்நிதியைக் கண்டாலும் மூன்று சுற்றுச் சுற்றுகிறேன்.

நீல வாசல் ஒன்று இருக்கிறது, அதற்குள்ளால்தான் பழைய நகரத்துக்குள் நுழைவது. வெளிப்பக்கம் நீலம். உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால் பச்சை. நான் இரண்டு தரம் வெளியே போய் உள்ளே வந்து பார்த்தேன். அதற்கு அங்கால் காரும் இல்லை, மோட்டார் சைக்கிளும் இல்லை. எல்லாம் கழுதையும் கோவேறு கழுதையும்தான். அவற்றின் முதுகில் ஆட்டுத்தோல் போகிறது, சோடாப் போத்தல் போகிறது, காஸ் சிலிண்டர் போகிறது, ஒருவருடைய ஃபிரிட்ஜும் போனதைக் கண்டேன். "பாலக்! பாலக்!" என்று பின்னால் சத்தம் கேட்டால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டும். சில சந்துகளில் என் இரண்டு முழங்கையும் இரண்டு பக்கச் சுவரிலும் முட்டின. அப்படியொரு இருட்டுச் சந்தில் குனிந்து ஒரு சின்னக் கதவால் நுழைந்தால், உள்ளே வானம் தெரிகிற முற்றம், நடுவில் தண்ணீர் ஊற்று, ஆரஞ்சு காய்த்த தோடை மரம், சுவர் முழுக்க விரல் நகம் அளவு ஓட்டுத் துண்டுகளால் கோலம். அதுதான் நாங்கள் தங்கிய விடுதி. புள்ளிவைத்துக் கோலம் போட்டே வளர்ந்தவள் நான். அந்தச் சுவருக்கு முன்னால் நின்று, எங்கே தொடங்கி எங்கே முடித்திருப்பார்கள் என்று விரலால் தேடிப் பார்த்தேன். பிடிபடவில்லை. யார் கை இது, எத்தனை நாள் குந்தியிருந்து பதித்த கை என்று நினைத்தபோது விரலைச் சுவரில் இருந்து எடுக்க மனம் வரவில்லை. கடவுளை நினைக்காமல் ஒருவன் இதைச் செய்திருக்க முடியாது.

இரண்டாம் நாள் காலையில் வழிகாட்டி ஒருவர் எங்களைத் தோல் குளங்களைப் பார்க்கக் கூட்டிப் போனார். மேல்மாடியில் ஏறும்போது ஆளுக்கொரு புதினாக் கொத்துத் தந்தார்கள், மூக்கில் வைத்துக்கொள்ள. கீழே மஞ்சள், சிவப்பு, மண் நிறம், வெள்ளை என்று வட்ட வட்டமான குளங்கள். தொடை அளவு சாயத்தில் நின்று ஆட்கள் தோலை மிதித்துக்கொண்டிருந்தார்கள். நாற்றம் சொல்லி முடியாது. என் கணவர் புதினாவை என்னிடம் தந்துவிட்டார்.

"இந்த மணம்தான். அவன் இந்த மணத்தைத்தான் சொன்னவன்" என்றார்.

கடையில் தொங்கிய ஒரு தோலை எடுத்து, பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒருதரம் தேய்த்தார். "இது ஆடு. கழுத்துப் பக்கம்" என்று இங்கிலீஷில் சொன்னார். கடைக்காரர் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு நெஞ்சில் கை வைத்துத் தலையை ஆட்டினார். மகள் என் தோளில் இடித்தாள். "பாத்தீங்களே அம்மா, அப்பாவை!" அன்றைக்கு அவர் என் பழைய மனுசனாக நடந்தார்.

அந்தச் சந்தோசத்தில்தான் நான் பிசகினேன் என்று நினைக்கிறேன்.

மத்தியானம் மகளுக்கு வயிறு குழம்பிவிட்டது. விடுதியில் படுத்துவிட்டாள். காலையில் வழிகாட்டி ஒரு சமாதியைக் காட்டியிருந்தார். அந்த நகரத்தை நிறுவிய மகான் அடங்கிய இடம். விடுதியில் இருந்து நேரே போய் ஒரே ஒரு திருப்பம். சந்துக்குக் குறுக்கே நெஞ்சளவு உயரத்தில் ஒரு மரச்சட்டம் போட்டிருக்கும். அதற்கு அங்கால் புண்ணிய நிலம், கழுதையும் தாண்டாது. வேறு சமயத்தவர் உள்ளே போகக்கூடாது, வாசலில் நின்று பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார். நான் மகளிடம் கேட்டேன்.

"அரை மணித்தியாலம். கும்பிட்டிட்டு வாறம்."

"அப்பாவின்ர கையை மட்டும் விடாதேங்கோ அம்மா. ஃபோனைக் கொண்டு போங்கோ. விடுதிக் கார்டு பைக்குள்ள இருக்கே?"

"ஓம், ஓம். நீ படு."

மரச்சட்டத்துக்குக் கீழால் குனிந்து போனோம். வாசலுக்கு எதிரே மெழுகுதிரிக் கடை ஒன்று; பச்சைத் திரி, வெள்ளைத் திரி, பக்கத்தில் தட்டில் வெள்ளை நிறத்தில் இனிப்பு. வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். உள்ளே விளக்குகள். கம்பளத்தில் பெண்கள் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு தாய் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி சுவரில் நெற்றியை வைத்து ஏதோ முறையிட்டுக்கொண்டிருந்தாள். பாஷை தெரியாவிட்டாலும் அந்த முறைப்பாடு எனக்கு விளங்கியது. எனக்குத் தெரியாத சாமி என்று ஒரு நொடியும் தோன்றவில்லை. ஒரு பச்சைத் திரி வாங்கி, உள்ளே போன ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். விமானத்தில் ஏறும்போது முருகனுக்கு வைத்த நேர்த்தி ஞாபகம் வந்தது.

உள்ளே போக முடியாது. வெளியால் சுற்றலாம்தானே?

சப்பாத்தைக் கழற்றினேன். கைப்பையைத் தோளில் இருந்து எடுத்தேன்.

"என்ன, வெளிக்கிட்டிட்டாய்?" என்றார் கணவர்.

"மூண்டு சுத்து. வெளியால சுத்திட்டு வாறன். இதைப் பாத்துக்கொள்ளுங்கோ."

"ஓம், ஓம். எனக்கும் சேர்த்துக் கும்பிடு."

முப்பது வருடமாகச் சொன்ன வார்த்தைகள் தாமாகவே வாயில் வந்தன. இரண்டு பேருக்கும் அது பழக்கமாகிவிட்ட ஒரு பூசை மாதிரி. பையும் ஃபோனும் கார்டும் அவர் கையில். நான் வெறுங்காலும் வெறுங்கையுமாக, சமாதிச் சுவரை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினேன்.

கோயில் என்றால் வீதி இருக்கும், வீதி என்றால் சுற்றி வரும். அதைத் தவிர வேறு எதையும் நான் வாழ்க்கையில் கண்டதில்லை. சுவர் கொஞ்சத் தூரம் வந்தது. பிறகு அதன் மேல் கடைகள் ஒட்டிக்கொண்டன. செம்புப் பாத்திரம், துணி, நூல். கடைகளுக்குப் பின்னால் சுவர் இருக்கும் என்று நம்பினேன். வலப்பக்கம் ஒரு சந்து வந்தது, திரும்பினேன். இன்னொன்று வந்தது, திரும்பினேன். வாய் தேவாரத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தது. நாலாவது திருப்பத்தில் வாசல் வரவேண்டும். வரவில்லை. சந்து கீழ்நோக்கி இறங்கியது. காலடியில் ஈரம். "பாலக்!" என்ற சத்தத்துக்கு ஒதுங்கினேன். கழுதை போன பிறகு பார்த்தால் நான் எந்தப் பக்கத்தால் வந்தேன் என்பதே தெரியவில்லை.

அப்போதுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்பது விளங்கியது. நான் தொலைந்தது பெரிய காரியம் இல்லை. அவரை விட்டுவிட்டு வந்துவிட்டேன். பிறந்தவனே வழி தவறுகிற ஊரில், ஐந்து நிமிடமும் தனிய விடக்கூடாத மனுசனை. நான் எங்கே போனேன் என்பதை இதற்குள் மறந்திருப்பார். அந்த இடத்தை விட்டு நடக்கத் தொடங்கியிருப்பார். பரமட்டாவிலாவது கையைப் பிடிக்க ஒரு பிள்ளை இருந்தது.

ஓடினேன். ஐம்பத்தெட்டு வயதில், வெறுங்காலோடு, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. கேட்ட ஆட்களுக்கு என் இங்கிலீஷ் விளங்கவில்லை. அவர்கள் சொன்னது எனக்கு விளங்கவில்லை. ஒரு சந்து போய்க் கதவில் முடிந்தது. இன்னொன்று பித்தளை அடிக்கிற ஒரு முற்றத்தில் கொண்டுபோய் விட்டது. அத்தனை சுத்தியலும் என் நெஞ்சுக்குள் அடிப்பது போல இருந்தது. கடைசியில் ஒரு சுவரில் சாய்ந்து நின்று, "முருகா, நான் சுற்றுச் சுற்ற வந்ததுதான் பிழையா?" என்று வாய்விட்டு அழுதேன்.

ஒரு பெண் வந்து முன்னால் நின்றாள். என் வயதுதான் இருக்கும். காலளவு நீண்ட சட்டை, தலையில் துணி. தலைக்கு மேல் ஒரு பலகை. பலகையில் துணி போர்த்திய மாவு ரொட்டிகள், இன்னும் சுடாதவை. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கால்களைப் பார்த்தாள். நான் காலைக் காட்டினேன், இரண்டு கையையும் கூப்பிக் காட்டினேன், விரலை நிமிர்த்தி மெழுகுதிரி எரிகிற மாதிரிக் காட்டினேன். அவள் "ஆ!" என்று ஒரு பெயரைச் சொன்னாள். அந்த மகானுடைய பெயர். நான் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். அவள் சிரித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் முதலில் ரொட்டி. இழுத்துக்கொண்டு போய் ஒரு குகை மாதிரியான இடத்துக்குள் விட்டாள். தெருவுக்கே பொதுவான போறணை, ரொட்டி சுடுகிற பெரிய அடுப்பு. நிலத்து மட்டத்துக்குக் கீழே ஒரு குழியில் நின்ற மனுசன், நீளக் காம்புப் பலகையால் ரொட்டிகளை நெருப்புக்குள் தள்ளுவதும் எடுப்பதுமாக இருந்தான். சுவர் ஓரமெல்லாம் வீடு வீடாக வந்த பலகைகள். எதிலும் பெயர் இல்லை, இலக்கம் இல்லை. ஒரு கிழவர் வந்தார். அவன் கேட்காமலே அவருடைய ரொட்டிகளை அடுக்கிக் கொடுத்தான். ஒருத்தி வந்தாள், அவளுடையது வேறு மூலையில் இருந்து வந்தது. எனக்கு எல்லாம் ஒரே வட்டமாகத்தான் தெரிந்தன. அவனுக்கு எந்த ரொட்டி எந்த வீட்டுப் பிள்ளையின் வாய்க்குப் போகும் என்பது வரைக்கும் தெரியும் போல. கால் சுட்டுக்கொண்டிருந்தது, நெஞ்சு பதறிக்கொண்டிருந்தது. அந்தப் பதற்றத்திலும் அவனைப் பார்த்து அசந்துபோய் நின்றேன். இவ்வளவையும் ஒரு மனுசன் தலைக்குள் வைத்திருக்கத் தந்த கடவுள், என் வீட்டு மனுசனிடம் இருந்து ஏன் ஒவ்வொன்றாக எடுக்கிறார் என்று கேட்கவும் செய்தேன்.

அவள் ஒரு சூடான ரொட்டியைப் பிய்த்து என் கையில் வைத்தாள். இன்னொரு வீட்டு ரொட்டியாக இருக்கலாம், தெரியவில்லை. பிறகு விறுவிறென்று நடந்தாள். மேலே ஏறி, திரும்பி, ஒரு வளைவுக்குக் கீழால் புகுந்து. பின்னேரத் தொழுகைக்கு எல்லாப் பள்ளிவாசலில் இருந்தும் அழைப்பு ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்தது. நகரம் முழுவதும் ஒரே தொண்டையால் கூப்பிடுவது போல இருந்தது. நானும் அதோடு கூப்பிட்டேன், என் பாஷையில், என் சாமியை.

மரச்சட்டம் தெரிந்தது.

அவர் அங்கேயே இருந்தார். மெழுகுதிரிக் கடைக்காரர் உட்கார ஒரு சின்னக் கதிரை கொடுத்திருந்தார். பக்கத்தில் கண்ணாடிக் கிளாசில் புதினாத் தேநீர், குடித்து முடித்தது. மடியில் என் கைப்பை. பையின் மேல் என் சப்பாத்து, சோடியாக, நுனி முன்னால் பார்க்க. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"மூண்டு சுத்துக்கு இவ்வளவு நேரமே?" என்றார். "அவ்வளவு பெரிய கோயிலோ?"

நான் போய் அவருடைய இரண்டு தோளையும் பிடித்தேன்.

"ஏன் அழுறாய்? சப்பாத்து கிடக்கு, பார். ஒண்டும் துலையேல்ல."

"நீங்கள் எழும்பி எங்கயும் போகேல்லையே?"

"எங்க போறது? நீ பாக்கச் சொல்லிட்டெல்லே போனனி." பிறகு குரலைத் தாழ்த்தி, "உன்ர பை பாடிக்கொண்டே இருந்தது. பொம்பிளையின்ர பையெண்டு நான் திறக்கேல்ல" என்றார்.

மகள் பதினாறு தரம் ஃபோன் எடுத்திருந்தாள்.

ரொட்டிக்காரப் பெண்ணும் கடைக்காரரும் தங்கள் பாஷையில் எங்களைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். கடைக்காரர் என் கணவரைக் காட்டி, கதிரையைக் காட்டி, விரலை இப்படியும் அப்படியும் ஆட்டினார். இந்த ஆள் அசையவே இல்லை என்று அர்த்தம்.

"எத்தினை சுத்து முடிஞ்சுது?" என்று கேட்டார் கணவர்.

"ஒண்டும் முடியேல்ல. பாதியிலயே வழி மாறிப்போச்சு. இனி ஏலாது. வாங்கோ, போவம்."

அவர் கொஞ்சம் யோசித்தார். யோசிக்கும்போது இப்போதெல்லாம் அவருடைய முகம் வெறுமையாகிவிடும். அப்படி ஆகவில்லை.

"நிண்ட இடத்தில உன்னை நீயே மூண்டு தரம் சுத்தினாலும் போதுமெண்டு பிள்ளைக்கு நீதானே சொல்லிக் குடுத்தனி?"

உண்மை. மகள் சின்னவளாக இருந்தபோது, கோயிலில் சனம் கூடின நாளில் சொல்லிக் கொடுத்தது. வாசலுக்கு வெளியே சப்பாத்தோடு நின்றவருக்கு அது எப்படிக் கேட்டது, இவ்வளவு காலம் எங்கே கிடந்தது, இன்றைக்கு எப்படி வந்தது? என் இவ்வளவு நேர அலைச்சலும் அந்த ஒரு சொல்லுக்கு முன்னால் ஒன்றும் இல்லாமல் போயிற்று. எனக்கே மறந்துபோனதை இந்த மனுசன் எடுத்துத் தருகிறார்.

அந்த வாசலைப் பார்த்துக் கையைக் கூப்பி, நின்ற இடத்திலேயே மூன்று தரம் சுற்றினேன். ஒவ்வொரு சுற்றிலும் அவர் தெரிந்தார். கடைக்காரர் தன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார். யாரும் சிரிக்கவில்லை.

விடுதிக் கதவில் மகள் முகம் வெளிறி நின்றாள். "அம்மா, வாட் ஹேப்பண்ட்? கால் என்ன இப்பிடி? எவ்வளவு நேரமா ஃபோன் அடிக்கிறன்!" நான் சேலையை இழுத்துக் காலை மறைத்தேன். சத்தியத்தை மீறியவள் நான்.

"கொம்மா கோயில் சுத்தப் போனவ" என்றார் அவர். "நான் சப்பாத்தைப் பாத்துக்கொண்டிருந்தனான்."

முற்றத்து ஊற்றில் கால் கழுவினேன். கறுப்புத் தண்ணீர் தரையிலும் பதித்திருந்த கோலத்துக்கு மேலால் ஓடிப் போனது. பிறகு மகளுக்கு எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அவள் ஏசுவாள் என்று பார்த்தேன். பக்கத்தில் வந்து குந்தி என் பாதத்தைத் துடைத்தாள்.

இப்போது அவருக்கு ஃபெஸ் ஞாபகம் இல்லை. நாங்கள் போய் வந்தோம் என்றால், சும்மா சொல்லாதே என்கிறார். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் இன்னும் கோயிலுக்குப் போகிறோம். காரை இப்போது நான் ஓட்டுகிறேன். சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு கதிரை போட்டிருக்கிறார்கள். மகள் ஃபோனில் கேட்டால், அப்பாவின் கையை விடவில்லை என்றுதான் சொல்கிறேன். நான் உள்ளே அதிகம் சுற்றுவதில்லை. வாசலுக்கு உள்ளால், அவர் தெரிகிற இடத்தில் நின்று, என்னை நானே மூன்று தரம் சுற்றிக்கொள்கிறேன். மூன்றாம் சுற்றில் அவர் என் சப்பாத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டிருப்பார்.